உச்சிவெயில்காரி

மாடிக் கொடியில் ஜாக்சனின் கம்பெனிச் சட்டைகளும் இரண்டு துண்டுகளும்தான் காய்ந்துகொண்டிருந்தன. ஆனால் சிமெண்டுத் தரையில் அவற்றின் நிழலோடு நீளமான பாவாடை ஒன்றின் நிழலும் ஆடிக்கொண்டிருந்தது. ரெனிட்டா வாளியைக் கீழே வைத்துவிட்டு, கொடியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். பாவாடை எதுவும் இல்லை. மூக்கண்டப்பள்ளியில் நடுப்பகலில் ஓயாமல் கேட்கும் சத்தங்கள், சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் பிரஸ் மெஷின் தரையை இடிப்பது, கீழ்வீட்டு நாராயணம்மா தெலுங்கில் பேத்தியை அதட்டுவது, பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி, எல்லாம் யாரோ கதவுகளைச் சாத்திக்கொண்டே வருவதுபோல ஒவ்வொன்றாக அடங்கின. கோதுமையைத் தீயவிட்டு வறுத்த வாசம் வந்தது. இலை அசையக் காற்று இல்லை, அந்த நிழல் மட்டும் ஆடியது.

வந்தவள் யாரென்று ரெனிட்டாவுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் கொடுமை.

முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் ஜாக்சனும் அவன் கம்பெனி நண்பர்களும் வழக்கம்போல ஹாலில் பாய் விரித்துப் பகடை ஆட உட்கார்ந்தார்கள். நவீன்குமார் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். பகடை விழுகிறபடி பிழைப்பார்கள், சாவார்கள். கல்யாணம் ஆன ஆம்பிளைகள் இல்லாத வாளைத் தூக்கிக்கொண்டு சண்டை போடுவதைப் பார்க்க ரெனிட்டாவுக்குச் சிரிப்புதான் வரும். நவீன்குமார் ரஷ்யா, போலந்துப் பக்கத்து நாட்டுக்கதைகளிலிருந்து சூனியக்காரிகளைத் தேடித்தேடிக் கொண்டுவருவான். கோழிக்கால் மேல் நிற்கும் வீட்டுக்காரி ஒருநாள், ஆற்றில் முடிவிரித்துக் கிடப்பவள் ஒருநாள். அன்று வந்தவள், உச்சிவெயிலில் கோதுமை வயலுக்குள் வெள்ளை உடுத்தி, கையில் அரிவாளோடு வருபவள். வேலை செய்கிறவர்களை நிறுத்தி ஏதாவது ஒரு வேலையைப் பற்றிக் கேட்பாள். அதை முதலிலிருந்து, பேச்சு விலகாமல், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உச்சி கழிந்தால் போய்விடுவாள். அதற்குள் பேச்சு தீர்ந்தால், எதற்காக வந்தாளோ அதை எடுத்துக்கொண்டு போவாள்.

"நம்ம ஊருக்கு அவ வேப்பனப்பள்ளி மாந்தோப்புல வர்றா," என்றான் நவீன்குமார். "உச்சி கழியற கணக்கெல்லாம் யாருக்குத் தெரியும்? நம்ம கம்பெனில சாப்பாட்டுச் சங்கு ஊதுனா போயிருவா, அவ்ளோதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜாக்சனின் வீரன் தோப்புக்குள் வழி தவறினான். வழி காட்ட அவள் கூலி கேட்டாள்: "உன் வீட்ல உனக்கே தெரியாத ஒண்ணு இருக்கு. அதக் குடுத்துரு."

"எனக்குத் தெரியாம எங்க வீட்ல என்னடா இருக்கு, பரண்மேல கெட்டுப்போன மிக்ஸியா? தாராளமா எடுத்துக்கச் சொல்லு!" என்று பகடையை உருட்டினான் ஜாக்சன்.

சமையற்கட்டில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த ரெனிட்டாவின் கை நின்றது. அவளுக்கு நாள் தள்ளியிருந்தது. போன தடவை தெரிந்த அன்றைக்கே ஜாக்சன் தெரு முழுக்க கேக் வெட்டிக் கொடுத்தான். அந்த மாதமே கலைந்துபோனது. "இந்தத் தடவ மூணு மாசம் தாண்டுற வரைக்கும் மாப்பிள்ளைகிட்டகூட மூச்சு விடாத," என்று அவள் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள் ரெனிட்டா. பிள்ளை மேலிருந்த ஆசையில் செய்த காரியம் பிள்ளைக்கே உலை வைக்கும் என்று எந்தத் தாய் நினைப்பாள்?

அந்த நிழலைப் பார்த்ததும் ரெனிட்டா மாடியிலிருந்து ஓடிவந்து கதவைத் தாழ் போட்டாள். கதவின் அடியில் வெயில் கோடாக விழுந்தது. அந்தக் கோட்டின் நடுவில் இரண்டு பாதங்களின் இருட்டு. கன்னடமா, தெலுங்கா என்று சொல்ல முடியாத ஒரு பேச்சு. ஆனால் புரிந்தது.

"களி கிண்டறது எப்படி?"

ரெனிட்டா ராகியைப் புடைப்பதிலிருந்து ஆரம்பித்தாள். கல் பொறுக்கினாள், காயவைத்தாள், அரைத்தாள், உலை வைத்தாள். துடுப்பைப் பிடிக்கிற கை வலிக்கிற வலியைக்கூட விடாமல் சொன்னாள். கம்பெனிச் சங்கு ஊதியது. பாதங்கள் இல்லை. கீழே நாராயணம்மா அதட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஜாக்சனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவன் தன் வாயிலேயே அடித்துக்கொண்டான். "வெளாட்டுக்குச் சொன்னேன் ரெனி, சத்தியமா வெளாட்டுக்குத்தான்." நவீன்குமாருக்குப் போன் போட்டான். அவன் முதலில் சிரித்தான், ரெனிட்டாவின் குரலைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "வர்ற ஞாயித்துக்கிழம அன்னிக்கு இருந்தவங்க எல்லாரும் உக்காந்து, குடுத்த வாக்கத் திருப்பி வாங்கிரலாம்க்கா. அதுவரைக்கும் எப்படியாச்சும் சமாளிங்க," என்றான்.

சமாளித்தாள். ஒருநாள் மாதா கோயிலில் போய் உட்கார்ந்து பார்த்தாள். அங்கேயும் மெழுகுவர்த்தி வாசத்தை மீறிக்கொண்டு தீய்ந்த கோதுமை வந்தது. கார்மெண்ட்ஸில் வேலை பார்த்த நாளை நினைத்து, பேண்ட் தைப்பதைச் சொன்னாள். அடுத்த நாள் மாங்காய் ஊறுகாய். ஒவ்வொரு நாளும் பேச்சு தீரப்போகிற நேரத்தில் சங்கு ஊதி அவள் வயிற்றைக் காப்பாற்றியது. அந்தச் சத்தத்துக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது அவளுக்கு.

ஒரு சாயங்காலம் ஜாக்சன் பொரியும் சுண்டலும் போட்ட கவரோடு, நெற்றியில் சந்தனத்தோடு வந்தான். "இன்னிக்கே மெஷினுக்கெல்லாம் பூஜ போட்டாச்சு. நாளைக்கு ஆயுத பூஜ லீவு. நான் இருக்கேன்ல, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசுவோம். நீ தனியா இல்லடி," என்றான். அந்த வாரத்தில் முதல் தடவையாக அன்றுதான் அவள் தூங்கினாள்.

மறுநாள் கதவுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை. வந்தவள் ஹாலுக்குள்ளேயே நின்றாள். பழுப்பேறிய வெள்ளைப் பாவாடை, அதன் ஓரத்தில் ஒட்டிய வைக்கோல், கையில் அரிவாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெயில்தான் இருந்தது. பார்த்தால் கண் கூசியது. ஜாக்சன் ரெனிட்டாவின் கையைப் பிடித்தான்.

"பிள்ளைய வளக்கறது எப்படி?"

ஜாக்சன் முந்திக்கொண்டான். அவன் கதையில் பிறந்தது மகள். பிறந்ததும் வெந்நீர் வைத்தான், தொட்டில் கட்டினான், ஞானஸ்நானத்துக்குச் சட்டை எடுத்தான். அவனுக்கு மூச்சு வாங்கும்போது ரெனிட்டா பேச்சை வாங்கிக்கொண்டாள். பால் கொடுத்தாள், பல் முளைத்தது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டாள். சொல்லச்சொல்ல மகளின் முகம் அவளுக்குத் தெரிந்தது, ஜாக்சனின் மூக்கு, அவளுடைய சுருட்டை முடி. ஆசையில் நெஞ்சு விம்மியது. பள்ளிக்கூடம் சேர்த்தார்கள். சைக்கிள் பழக்கினார்கள். ஜாக்சன் ரெனிட்டாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். இதோ ஊதிவிடும் என்று அர்த்தம்.

ரெனிட்டாவின் கண் மேஜைமேல் இருந்த பொரிக் கவரில் விழுந்தது.

பிரஸ் மெஷின் இடிக்கவில்லை. காலையிலிருந்தே இடிக்கவில்லை. சிப்காட் முழுக்க மெஷின்கள் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கின்றன. கேட் பூட்டியிருக்கும்.

இன்றைக்குச் சங்கு ஊத ஆள் இல்லை.

அதை அவனிடம் சொல்ல முடியாது. பேச்சு விலகக்கூடாது. கையை இறுக்கினாள். அவன் தைரியம் சொல்வதாக நினைத்து, திருப்பி இறுக்கினான். இன்னும் வேகமாகப் பேசினான். பத்தாவது பாஸ். காலேஜ். வேலை. மெதுவாக, ஐயோ, மெதுவாகப் போங்களேன். அவள் குறுக்கே புகுந்து ஒரு காய்ச்சலை இழுத்தாள். ஒரு தீபாவளியை இழுத்தாள். ஒரு சடையைப் பின்னிப் பின்னி அவிழ்த்தாள்.

கடிகாரம் நாலைத் தாண்டியது. வாசற்படியில் விழுந்த உச்சிவெயில் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

ஜாக்சனும் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு பொரிக் கவரை. அவன் முகம் வெளுத்தது. வாய் மட்டும் நிற்கவில்லை. மகளுக்குக் கல்யாணம். பேரப்பிள்ளைகள். மகளுக்கு முதல் நரை.

தொண்டை கிழிந்தது. தண்ணீர் குடிக்க முடியாது. மகளுக்கு மூட்டு வலி. கண்ணில் புரை. மகள் கட்டிலில் படுத்தாள்.

"அப்புறம்," என்றான் ஜாக்சன். குரல் காற்றாகத்தான் வந்தது. "அப்புறம்..."

ரெனிட்டாவைப் பார்த்தான். அவளிடமும் மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான். அதைச் சொல்ல மாட்டாள். வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

வந்தவள் அரிவாளைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிரசவ வீட்டுக்கு வந்த சொந்தக்காரி பிள்ளையை வாங்க உட்காருவதுபோல, பாவாடையை நன்றாக விரித்துவிட்டு, மடியை ஏந்தினாள்.