உள்பக்கக் கைப்பிடி

கார்ப் பட்டறையில் தகரம் தட்டி ஒடுக்கெடுக்கும் டிங்கர், தன் முதலாளிக்குத் தரவேண்டிய பாக்கி நாற்பத்து மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். மனைவியின் ஆபரேஷனுக்கு வாங்கியது. அவள் பிழைக்கவில்லை, கடன் பிழைத்துக்கொண்டது. வாராவாரம் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டு, பட்டறையில் எல்லார் முன்னாலும் முதலாளி சிரிப்பார்.

"செத்தவளுக்கு வட்டி கட்டுற ஒரே புருஷன் நம்ம டிங்கர்தான்பா."

அந்தக் கோடையில் பட்டறைக்குப் பின்னாலிருந்த கல்குவாரிக் குட்டை, அடிவயிறு தெரிய வற்றியது. கை கழுவ இறங்கிய டிங்கரின் காலில் ஏதோ இடறியது. சேற்றிலிருந்து ஒற்றை விரல் நீட்டியதுபோல இருந்தது. பிடித்து இழுத்தான். சேறு மனசில்லாமல் விட்டது.

கார்க் கதவின் கைப்பிடி. உள்பக்கத்தது.

பழைய வண்டிகள் வாங்கும் வியாபாரிக்குப் போன் போட்டான்.

"என்ன வண்டி, எந்த வருஷம்னு சரியாச் சொல்லுங்கண்ணே. கைப்பிடி கிடந்த சேத்துக்கு அடியில வண்டியும் கிடக்கும். அபூர்வமான வண்டின்னா உங்க கடனெல்லாம் ஒரு காசா?"

டிங்கர் கைப்பிடியை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டான்.

சாயங்காலம் எல்லாரும் போனபின், கைப்பிடியைத் தகர டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டான். மண்ணெண்ணெய் வாசம் வரவில்லை. குட்டையின் அழுகல் வாடைதான் வந்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கப் பச்சைக் களிம்பு உரிந்து, பின்பக்கத்தில் வட்ட அச்சு ஒன்று தெரிந்தது. வார்க்கும்போதே கம்பெனிக்காரன் போடுகிற தேதி அது. நடுவில் வருஷம், சுற்றிலும் மாதத்துக்கு ஒரு புள்ளி. எழுபத்திரண்டு. பதினோரு புள்ளி.

நுனியில் தந்த நிறக் குமிழ். அப்படிப்பட்ட கைப்பிடி வைத்த வண்டி இந்த ஊருக்கு ஒன்றுதான் வந்தது. முதலாளியின் அண்ணன், பெரியவருடைய கார். பட்டறையும் அப்போது அவருடையதுதான். ஒருநாள் காரோடு போனவர் திரும்பவேயில்லை. எவளையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, தம்பி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

டிங்கர் கைப்பிடியைத் திருப்பினான்.

ஸ்குரூ அதன் ஓட்டையிலேயே இருந்தது. விழாமலிருக்கச் செம்புக் கம்பியால் சுற்றி முறுக்கியிருந்தது.

ஒரு பாகத்தைக் கழற்றினால் அதன் ஸ்குரூவை அதிலேயே கோத்துக் கம்பி கட்டவேண்டும். இந்தப் பட்டறையின் சட்டம் அது. மறந்தால் கன்னம் பழுத்துவிடும். கம்பியின் முறுக்கு இடப்பக்கமாக ஓடியது. இங்கே இடக்கைக்காரர் ஒரே ஒருவர்தான். முதலாளி.

உள்ளேயிருக்கும் அண்ணன் திறக்கக்கூடாது என்று கழற்றிவிட்டு, காரைக் குட்டையில் தள்ளியிருக்கிறார். கழற்றிக் குட்டையில் எறியப்போகிற கைப்பிடிக்கும், கை தன் பாட்டில் கம்பி கட்டியிருக்கிறது.

டப்பாவுக்குள் மண்ணெண்ணெயைத் தவிர எதுவுமில்லை.

ஆனாலும் உள்ளேயிருந்து ஏதோ தட்டியது.

டக்.

டக்.

"என்னடா அது?"

முதலாளி பின்னால் நின்றார். டிங்கருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. தைரியமா, பேராசையா, அவனுக்கே தெரியாது.

"குட்டையில கிடந்துச்சு முதலாளி. எழுபத்திரண்டு மாடல். வாங்குறவர் எல்லாத்தையும் கேக்குறாரு. கம்பி முறுக்கையும் சொல்லட்டுமா?"

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு, பட்டறைக்குள் நின்ற தன் காரில் ஏறினார். சாவியைத் திருகினார். வண்டி இருமிவிட்டு நின்றது.

பட்டறை விளக்குகள் அணைந்தன. காரின் உள்விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது.

நாலு கதவும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொண்டன.

முதலில் திட்டினார். பிறகு கதவைத் தடவினார். உள்பக்கம் கைப்பிடியே இல்லாமல் மொழுக்கென்று இருந்தது போலும், அவர் கை வழுக்கி வழுக்கிக் கீழே போனது. பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே தரையில் தூசி பறந்தது.

"டேய், தொறடா! வெளியிலேர்ந்து தொறடா!"

டிங்கர் வெளிக் கைப்பிடியில் கை வைத்தான். அது லேசாகத்தான் இருந்தது. இழுத்தால் வந்துவிடும்.

இழுக்கவில்லை.

"கடன விட்டுர்றேன்டா! பாதி!"

"கேக்கல முதலாளி."

"முழுசும்! முழுசும் விட்டாச்சு! என் புள்ளைங்க மேல சத்தியம்டா தம்பி!"

அவனைத் தம்பி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது. டிங்கர் நிதானமாகக் கையை எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டான். மனைவியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, வட்டி பேசி முடிக்கும்வரை இந்த மனிதர் பணப்பையைத் திறக்காதது ஞாபகம் வந்தது.

உள்ளே குமிழிகள் வந்தன. பிறகு அதுவும் நின்றது, உள்விளக்கும் அணைந்தது.

இருட்டில், காரின் பின்சீட்டுப் பக்கமிருந்து, ஈரமான குரல் ஒன்று சாவகாசமாகப் பேசியது. முதலாளியின் குரல் இல்லை.

"என் தம்பி கடன விட்டதுக்கு நான் சாட்சி. உன் பாக்கி தீந்துச்சு. நீ கிளம்பு தம்பி."

டிங்கர் தெருவிளக்கு தெரிந்த வாசலை நோக்கி நடந்தான். ரிப்பேருக்கு வந்த கார்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. ஆளில்லாத வண்டிகள். அவன் தாண்டத் தாண்ட, ஒவ்வொன்றின் கண்ணாடியிலும், உள்ளேயிருந்து யாரோ மூச்சுவிட்டதுபோல ஆவி படிந்தது.