கம்பியின் வெளிப்பக்கம்

பெயின்ட் தேய்ந்திருந்தது தப்பான பக்கத்தில்.

பால்கனிக் கைப்பிடியில் பெயின்ட் எங்கே தேயும் என்பது முருகேஷுக்கு மனப்பாடம். ஆட்கள் முழங்கை ஊன்றித் தெருவை வேடிக்கை பார்க்கிற மேல்கம்பியில் தேயும். துணிக்கயிறு கட்டிய மூலையில் தேயும். உட்பக்கத்தில், குழந்தைகள் எட்டி உதைக்கிற உயரத்தில் செதில் செதிலாக உரியும். இருபது வருடமாகத் திருப்பூர் வீடுகளின் கம்பிகளைத் தட்டிப் பார்த்தும் பற்றவைத்தும் பிழைக்கிறவன் அவன். ஆனால் இந்த இரண்டாவது மாடி பால்கனியில் மேல்கம்பி நேற்று அடித்ததுபோலக் கறுப்பாக மின்னியது. தேய்ந்திருந்தது கீழே, தரையை ஒட்டி, வெளிப்பக்கம். ஏழாவது, எட்டாவது கம்பிகளின் அடியில் நான்கு விரல் அகலத்துக்குப் பெயின்ட் முழுசாகப் போய், டவுன் பஸ் கைப்பிடிபோல இரும்பு வழுவழுவென்று பளிச்சிட்டது.

உள்ளே நிற்கிறவர்கள் கை அங்கே போகாது. அந்த இடத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் வெளியே, தெருவுக்கு மேல், அந்தரத்தில் தொங்கிக்கொண்டுதான் பிடிக்க வேண்டும்.

"என்னங்ணா, அப்படியே உக்காந்துட்டீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டாள் சாயிரா பானு. அவளும் கணவன் அய்யூபும் ராயபுரத்து இந்த வீட்டை வாங்கிக் குடிவந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அய்யூபுக்குப் பனியன் கட்டிங் வேஸ்ட் வியாபாரம். கீழ்த்தளம் நூல் குடோன், முதல் மாடி தையல் யூனிட், அதற்கு மேல் இவர்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தையல் மிஷின்கள் ஓடவில்லை. தெருவே வாயடைத்துக் கிடந்தது.

"ஒண்ணுமில்லீங்க. பெயின்ட் கொஞ்சம் போயிருக்குது."

"பெயின்ட்ட விடுங்க. சாயங்காலமானா கம்பி ஆடுதுங்க. காத்தே இல்லாதப்பவும் ஆடுது. யாரோ வெளிய இருந்து புடிச்சு இழுக்கற மாதிரி. சொன்னா இவரு சிரிக்கறாரு."

அய்யூப் உண்மையிலேயே சிரித்தான். "பகலெல்லாம் வெயில்ல காயுது, சாயங்காலம் ஆறுது. இரும்பு அப்படி இப்படித்தான் இருக்கும். ஏனுங்க முருகேசு, நாஞ் சொல்றது சரிதானுங்களே?"

வேறு எந்த வீட்டிலும் முருகேஷ் இதையேதான் சொல்லியிருப்பான். இங்கே, எதையோ தேடுவதுபோலக் கருவிப் பைக்குள் கையை விட்டான்.

இந்த பால்கனியை அவன் ஏற்கெனவே அறிவான் என்பது இவர்களுக்குத் தெரியாது. ஹார்டுவேர் கடையில் நம்பர் வாங்கி, "ராயபுரத்துல ஒரு ஊடு, கைப்பிடி ஆட்டம் காணுது" என்று மட்டும்தான் அய்யூப் போனில் சொல்லியிருந்தான். சந்துக்குள் வண்டியைத் திருப்பிய பிறகுதான் எந்த வீடு என்று முருகேஷுக்குப் புரிந்தது. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். இந்தத் தடவையாவது ஒழுங்காகப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று எதுவோ அவனை மாடிப்படி ஏற வைத்தது.

முன்பு இது ரங்காத்தாள் வீடு. அறுபதை நெருங்கிய, தனியாக இருந்த அம்மாள். மகன் மணியன் மடத்துக்குளத்தில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். போன வருடம் பொங்கலுக்கு முன்னால், வெள்ளையடிக்கிறபோது கைப்பிடியையும் ஒரு பார்வை பார்த்துவிடச் சொல்லி முருகேஷை அழைத்தார்கள். நடுவிலிருந்த இரண்டு கால்களின் அடியில் பெயின்ட் கொப்புளம்போல உப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினான். பழுப்புத் தண்ணீர் கசிந்தது. உள்ளே இரும்பு ஊறின ரொட்டிபோல உதிர்ந்தது. அறுத்து எடுத்துப் புதிய கால் வைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. அன்றைக்கு மத்தியானத்துக்குள் அவிநாசியில் இன்னொரு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பொந்தில் பட்டி வைத்து அடைத்தான். மேலே கறுப்பு பெயின்ட் இரண்டு கோட் அடித்தான். மோர் கொண்டுவந்து கொடுத்த ரங்காத்தாள், "சாஞ்சா தாங்குமா கண்ணு?" என்று கேட்டாள்.

"தாராளமா சாயலாமுங்க" என்றான்.

சித்திரையில் ஒருநாள் சாயங்காலம், துவைத்த கம்பளியை அவள் கைப்பிடிக்கு மேலாக உதறியபோது அவன் அடைத்து வைத்த கம்பிக்கால்கள் இரண்டும் பெயர்ந்து கைப்பிடி வெளியே சாய்ந்தது. எக்ஸ்போர்ட் அவசரத்தில் கீழே நாற்பது மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் கூப்பிட்டிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. மயக்கம் வந்து விழுந்து செத்தாள் என்று போலீஸில் எழுதி முடித்தார்கள். வளைந்த கைப்பிடியைச் சரிசெய்யவும் முருகேஷைத்தான் கூப்பிட்டார்கள். மொட்டைத் தலையோடு நின்ற மணியன், "உங்க மேல என்னங்க தப்பு, அம்மாளுக்குப் பிரஷர் இருந்துச்சுங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். முருகேஷ் துருவேறிய கம்பிக்கால்களைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய் நொய்யல் ஆற்றில் எறிந்தான். யாரும் கேட்கவில்லை. கேட்கவே இல்லை என்பதுதான் அன்றுமுதல் அவனைத் தூங்கவிடாமல் செய்தது.

நாலரை மணிக்கு அய்யூபும் சாயிரா பானுவும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினார்கள். "ஆறரைக்குள்ள வந்துர்றோம். டீ பிளாஸ்க்குல இருக்குதுங்ணா" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். ஸ்கூட்டர் சத்தம் சந்து முனையில் தேய்ந்து மறைந்தது.

முருகேஷ் சுத்தியலை எடுத்தான். திருமுருகன்பூண்டியில் சிற்பப் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது அவன் கடை. கல்லில் உளி படுகிற சத்தத்தைக் கேட்டே நல்ல கல், விரிசல் விட்ட கல் என்று சொல்கிற காது அவனுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் கம்பியைத் தட்டினான். கணீரென்றது. இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் கணீர். ஆறாவதின் ஒலி சுவரில் பட்டு மெல்லத் தேய்ந்தது. ஏழாவதைத் தட்டினான். பொத்தென்று ஒரு சத்தம், அதோடு சரி. துரு பிடித்த இரும்பின் சத்தம் அல்ல அது. அதிர்கிற மணியை யாராவது கையால் பொத்திப் பிடித்தால் எழுகிற சத்தம்.

எட்டாவதும் அப்படியே.

குனிந்து, கால்களைத் தரையோடு பிடித்திருக்கும் அடித்தகட்டைப் பார்த்தான். ரங்காத்தாள் விழுந்த பிறகு அவன் வைத்த தகடுதான், துரு ஒரு பொட்டுகூட இல்லை. அவன் போட்ட வெல்டிங் அப்படியே இருந்தது. ஆனால் தரையில் முடுக்கியிருந்த போல்ட்டுகள் அரை அங்குலம் மேலே எழும்பியிருந்தன. சுற்றிலும் சிமென்ட் சிலந்திவலைபோல விரிந்திருந்தது. வெயிலுக்கோ மழைக்கோ இப்படி ஆகாது. கனமான ஏதோ ஒன்று இதில் தொங்கியிருக்கிறது. ஒருநாள் அல்ல. நாள் தவறாமல்.

புறா, பெருச்சாளி, தெருப் பிள்ளைகளின் விளையாட்டு என்று அவன் மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். எதுவும் இந்தக் கனத்துக்கும் இந்த உயரத்துக்கும் பொருந்தவில்லை. சரி, காரணம் எதுவாக இருந்தால் என்ன, நடுத்துண்டை முழுதாகக் கழற்றி, ஆழமாகத் துளை போட்டு, புது போல்ட் இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தான். துண்டு தெருவில் விழுந்துவிடாமல் மேல்கம்பியில் கயிறு கட்டி ஜன்னல் கம்பியோடு இறுக்கினான். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். கட்டிங் மிஷினைப் போட்டதும் பொறி பறந்து, சத்தம் அந்த ஊமைத் தெருவை நிறைத்தது. சத்தம் அவனுக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டு பக்க இணைப்புகளையும் அறுத்தான். ஒரு காலை அறுத்தான். இன்னொரு காலில் பாதி இறங்கியபோது கரன்ட் போயிற்று.

மிஷின் முனகி நின்றது. மேற்கே மேகம் மூடி, ஆறு மணிக்கே வெளிச்சம் சாம்பல் நிறமாகியிருந்தது. சூடான இரும்பின் வாடை மூக்கில் நின்றது. அதற்கடியில் வேறொரு வாடையும் இருப்பதை அவன் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ந்தான். ஈரக் கம்பளியின் வாடை. துவைத்து, பிழிந்து, இன்னும் காயாத கம்பளி.

பிறகு அந்தச் சத்தம். பால்கனிக்குக் கீழே, வெளிச்சுவரில். சரக். கொஞ்சம் விட்டு, சரக். கால் வைக்க இடம் தேடி, கிடைக்காமல், சுவரில் வழுக்குகிற குதிகால்.

எட்டிப் பார்த்திருக்கலாம். கழுத்தை நீட்டினால் போதும். அவன் கழுத்து நீளவில்லை.

பாதி அறுத்த கால் மெதுவாக வளைந்தது. நடுத்துண்டு மொத்தமும் தெருப்பக்கம் சாய்ந்தது. விழுகிற வேகம் அதில் இல்லை. கதவைத் திறப்பதுபோல நிதானமாகச் சாய்ந்தது. கயிறு விறைத்தது. ஜன்னலில் அவன் போட்ட முடிச்சு நழுவி அவிழ்ந்து, பாம்புபோலத் தரையில் ஓடியது. முருகேஷ் பாய்ந்து மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான். வளைந்த கால் படக்கென்று தெறித்தது.

முப்பது கிலோ இருக்க வேண்டிய இரும்பு அவன் தோளைப் பிய்த்தது. முழங்காலைத் தரை விளிம்பில் முட்டுக்கொடுத்து மல்லாந்து இழுத்தான். கனம் அசைந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். உயிருள்ள கனம்.

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது. அவனுக்குத் தெருவின் ஒரு துண்டு தெரிந்தது. அதில் சாயிரா பானு இறங்கி நின்றாள். தலை நிமிர்ந்தாள். அவள் கையிலிருந்த பை நழுவியது.

"அண்ணா, விட்டுறாதீங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. "அந்தம்மாள விட்டுறாதீங்க. கெட்டியாப் புடிச்சுக்குங்க. இவரு மேல வர்றாரு."

அய்யூப் படிக்கட்டுப் பக்கம் ஓடுவது தெரிந்தது.

அந்தம்மாள்.

முருகேஷின் உள்ளங்கையில் வியர்வை. இரும்பு வழுக்கியது. விட்டுவிடலாம். விரலைத் திறந்தால் முடிந்தது. ஆனால் நேர்கீழே சாயிரா பானு இரண்டு கையையும் ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தாள். ஏதோ ஒன்று, அவனே அறியாமல், அவன் தொண்டையிலிருந்து கழன்று வந்தது.

"துருவப் பாத்தேனுங்க" என்றான், கம்பிக்கு அப்பாலிருந்த சாம்பல் வெளிச்சத்தைப் பார்த்து. "பாத்துட்டுத்தானுங்க பெயின்ட் அடிச்சேன். தெரிஞ்சேதான் தாங்கும்னு சொன்னேன்."

கனம் ஆடுவதை நிறுத்தியது.

குதிகால் சத்தம் நின்றது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அது கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

பிறகு கம்பி அதிர்ந்தது. கீழிருந்து, ஒரு சாண் மேலே. மறுபடியும் ஒரு சாண். பிடி மாற்றிப் பிடி.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடியே வைத்திருக்க முடியவில்லை. திறந்தான். முன்னால் கம்பிகளுக்கிடையில் எதுவும் இல்லை. மேகம், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. ஆனால் கீழே சாயிரா பானுவின் முகம் அசைந்துகொண்டிருந்தது. அவள் எதையோ பார்வையால் பின்தொடர்ந்தாள். பார்வை முதலில் பால்கனிக்கு அடியில் இருந்தது. விளிம்புக்கு வந்தது. அவன் முழங்காலுக்கு வந்தது. ஏந்திய கைகள் மெல்லத் தாழ்ந்தன. பார்வை அவன் மார்புக்கு வந்தது. ஈர வாடை அவன் முகத்தில் அடித்தது. பார்வை இன்னும் ஏறியது.

ஏறி, அவனைக் கடந்தது.

கையில் கம்பி சட்டென்று லேசானது. வெறும் இரும்பு. சுலபமாக உள்ளே இழுக்கலாம். அவன் இழுக்கவில்லை.

பின்னால், வீட்டுக்குள், அய்யூப் மூச்சிரைக்க ஓடிவருவது கேட்டது. "முருகேசு, நான் வந்து" என்று தொடங்கிய குரல் பால்கனிக் கதவருகே நின்றது. மூச்சிரைப்பும் நின்றது. பிறகு, குழந்தை தூங்குகிற அறையைச் சாத்துவதுபோல, கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. உட்தாழ்ப்பாள் மெதுவாக விழுந்தது.

கீழே சாயிரா பானு வாயைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். அவள் பார்வை அவன் தோளுக்குப் பின்னால் நிலைத்திருந்தது.

முருகேஷ் திரும்பவில்லை. அவனுக்கு முன்னால் கைப்பிடி இல்லாத விளிம்பு. அவன் முதுகில், சட்டைக்கு மேல், ஒரு ஈரக் கை விரிந்து படிந்தது; அந்தக் கனம் மெல்ல அவன்மேல் சாய ஆரம்பித்தது.