துர்காதேவியின் வெள்ளைத் தரை

கூடத்தின் நட்டநடுவில் ஒரு நாயின் காலடி இருந்தது. ஒன்றே ஒன்று. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. நான்கு விரலும் உள்ளங்காலும் அச்சுக் குத்தினாற்போலச் சேற்றில் பதிந்திருந்தன. வேறு வீடாக இருந்தால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். துர்காதேவியின் வீட்டுத் தரையில் காலடி கிடப்பது, அடுத்த வீட்டுத் தரையில் பிணம் கிடப்பதற்குச் சமம்.

அந்தத் தரையின் புகழ் அப்படி. பால் வெள்ளையில் பெரிய பெரிய டைல்ஸ். காஞ்சிபுரத்து எறும்புகள் அந்த வீடு வந்ததும் எதிர்வரிசைக்கு மாறிப் போகும் என்றும், பல்லி தவறி விழுந்தால் கால் படாமல் வாலால் நடந்து வெளியேறும் என்றும் தெருவில் பேச்சு. கணவன் சிவராஜ் கொல்லைக் கொட்டகையில் பட்டு நெய்வான். அவள் கூடத்தில் விற்பாள். கல்யாண வீட்டார் சுற்றி உட்கார்ந்ததும் முகூர்த்தப் புடவையை மடிப்புப் பிரித்து அந்த வெள்ளையின் மேலேயே வீசி விரிப்பாள். அரக்குச் சிவப்பு அங்கே தீப்பிடித்தாற்போல எரியும். பார்த்தவர்கள் வேறு கடைப் படி ஏறமாட்டார்கள். தரைதான் அவளுடைய கடை. அதில் ஒரு பொட்டுச் சேறு கண்ணில் பட்டால் வந்தவர்கள் புடவையைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு நாய்கள். தறி நூலை எலி கடிக்காமலிருக்கச் சிவராஜ் வளர்ப்பவை. பொன்னிறத்தில் இருந்ததால் ஒன்றுக்கு ஜரி என்று பெயர், பெட்டை. வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த மற்றது புட்டா. மழை தொடங்கினால் வாசலில் ஒரு ஈரக் கோணி விழும். அதைத் தாண்டினால் தேங்காய் நார் மிதியடி, அதற்கப்பால் வெந்நீர் வாளி, கடைசியில் பழைய வேட்டித் துண்டு. நகக்கண்ணை அவள் தேய்ந்த பல் பிரஷ்ஷால் தேய்ப்பாள். வெந்நீர் என்றால் நாய் ஊளையிடும் அளவுக்கு வெந்நீர். ஒரு கால் தப்பினால் துடைப்பக்கட்டை பேசும். அவளைக் கண்டாலே இரண்டும் ஒரு காலைத் தூக்கிக் காட்டும். புட்டா தூக்கத்தில்கூடத் தூக்கும்.

அன்று காலை இரண்டும் கொட்டகையில் கட்டிக் கிடந்தன. காலடிக்கு முன்னால் காலடி இல்லை. பின்னாலும் இல்லை. வானத்திலிருந்து ஒற்றைக் காலில் குதித்துவிட்டுத் திரும்பவும் பறந்துபோன நாய் எதையும் துர்காதேவி கேள்விப்பட்டதில்லை. துடைத்தாள். துணியை முகர்ந்தாள். தெருச் சேற்றின் வாடை இல்லை. நாள்பட மூடிவைத்த கிணற்றின் வாடை. அதற்கடியில் லேசாக, புளித்த பால்.

மழை நிற்கவில்லை. கோயில் கோபுரங்கள் எல்லாம் ஆளுக்கொரு குடை கேட்கும் அளவுக்கு ஐப்பசி கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலடி எலுமிச்சம்பழ அளவில் இருந்தது. அதற்கு அடுத்த நாள் வரிசையாக, ஒரு டைல்ஸில் தொடங்கி, கூடத்தைச் சுற்றிவிட்டு அதே டைல்ஸில் போய் முடிந்தது. ஒரு நாயின் வரிசை இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு புரண்டு விளையாடியதுபோல ஒரே குழப்பம். அவள் புட்டாவை இழுத்துவந்து அதன் காலை ஓர் அச்சின்மேல் வைத்து அழுத்தினாள். அச்சு பெரிதாக இருந்தது. இருந்தாலும் புட்டாவை அடித்தாள். யாரையாவது அடிக்க வேண்டியிருந்தது.

ஜரியின் நடத்தையும் சரியில்லை. அவிழ்த்துவிட்டால் நேராகக் கூடத்துக்கு வந்து அந்த ஒரு டைல்ஸின்மேல் படுத்து, காதைத் தரையில் ஒட்டிவைத்துக்கொண்டது. உதைத்தாலும் நகரவில்லை. சிவராஜ் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"குட்டி போட்டு ரெண்டு வருஷம் ஆவுது துர்கா. இப்போ பால் கட்டிக்கினு இருக்குது பாரேன். திருப்புட்குழில குடுத்தியே, அந்தக் குட்டிங்க எப்படி இருக்குதாம்?"

"ராஜாவாட்டம் இருக்குதுங்க," என்றாள் அவள்.

அவன் போனபின் பார்த்தாள். ஜரியின் மடியிலிருந்து ஒரு சொட்டுப் பால் தரையில் விழுந்தது. அது பரவவில்லை. தளம் சரிவே இல்லாத இடத்தில் நேராக டைல்ஸ் இடுக்குக்கு ஓடி, கீழிருந்து யாரோ உறிஞ்சினாற்போலச் சட்டென்று உள்ளே போயிற்று.

அந்த டைல்ஸுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். முன்பு அங்கே குழித்தறி இருந்தது. தரையில் வெட்டிய இடுப்பளவுக் குழி. விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்து நெய்ய வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் குழிக்குள் தண்ணீர் ஊறி, சேறாகி, அந்தச் சேறு கூடமெல்லாம் வரும். ஆகவே தறி கொல்லைக்குப் போயிற்று. கூடம் முழுக்க டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. குழி மட்டும் பாக்கி. குழியை மூடிய அன்று சிவராஜ் ஊரில் இல்லை. முசரவாக்கத்துக் கொத்தனார் கலியன் ஜல்லிக் கூடையைத் தூக்கிவந்தவர் குழிக்குள் பார்த்துவிட்டு நின்றார்.

"யம்மா, நாயி உள்ள குட்டி போட்டிருக்குது. நாலு. கண்ணுகூட தொறக்கலம்மா."

"கொட்டு."

"எடுத்து ஓரமா வெச்சிட்டு..."

"எங்க வெப்பே? தரைலதான? இப்பதான் தொடச்சேன். கொட்டுப்பா."

முதல் கூடை விழுந்தபோது கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. மூன்றாவது கூடைக்கு வரவில்லை. வெளியே கட்டியிருந்த ஜரி கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. கலியன் சாப்பாட்டைத் தொடாமல் போனார். அப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. துர்காதேவி கதவிலிருந்த நகக்கீறலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது தூக்கம் இல்லை.

ஆற்காட்டிலிருந்து ஒரு பெரிய கல்யாண வீடு, மணப்பெண்ணிலிருந்து சித்திகள் வரை அத்தனை பேருக்கும் பட்டெடுக்க வருகிற நாள் வந்தது. அந்த ஒரு வியாபாரம் முடிந்தால் தை மாதம் வரை கடை திறக்க வேண்டாம். அவர்கள் கார் நீர் தேங்கிய தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றுவிட்டதாகப் போன் வர, சிவராஜ் கையில் கிடைத்த குடைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடினான். பகல்தான். ஆனால் ஆகாயம் அடுப்புக்கரிபோல இருந்தது. அவன் வாசல் தாண்டியதும் கரண்ட் போயிற்று.

துர்காதேவி கடைசியாக ஒருமுறை துடைக்கலாம் என்று துணியும் பினாயில் வாளியுமாக மண்டியிட்டாள். ஓட்டுக்கூரை ஓரத்தில் மழை ஒரே சீராக, நூற்றுக்கணக்கான தறிகள் சேர்ந்து ஓடுவதுபோல இரைந்தது. பினாயில் வாடையைத் தள்ளிக்கொண்டு அந்தப் பழைய கிணற்று வாடை எழுந்தது. அதற்குள் பால். மழையின் இரைச்சலுக்குக் கீழே இன்னொரு சத்தம், மெதுவாக, பொறுமையாக, ஒரு பழகிய வேலையைச் செய்வதுபோல.

பிறாண்டல்.

கதவில் இல்லை. முழங்காலுக்குக் கீழே.

துடைத்தாள். துடைத்த இடத்தில் ஓர் அச்சு ஊறி எழுந்தது. அவள் உள்ளங்கையைவிடப் பெரியது. அதைத் துடைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. பின்னால் ஒன்று. நாய் இல்லை. கால் இல்லை. அச்சு மட்டும். ஈரமாக. அவளைச் சுற்றி.

கொல்லையில் சங்கிலி அறுந்தது. ஜரி சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தது. கோணியைத் தாண்டியது. மிதியடியைத் தாண்டியது. வெந்நீர் வாளியைப் பார்க்கவே இல்லை. நான்கு காலும் சேறாக அவள் எதிரே வந்து உட்கார்ந்தது. காலைத் தூக்கிக் காட்டவில்லை.

"போடி," என்றாள்.

எழப் பார்த்தாள். தரை இளகியிருந்தது. மாவுபோல. ஒரு கால் உள்ளே போயிற்று. அதை இழுக்க மற்றதை ஊன்றினாள். அதுவும் போயிற்று. பொத்தென்று உட்கார்ந்தாள். தறியின் முன் உட்காருவதுபோல, இரண்டு காலும் தொடைவரை தரைக்குள் தொங்க. கீழே வழவழவென்று சேறு. ஊறல் தண்ணீரின் குளிர்ச்சி. குனிந்து பார்த்தாள். டைல்ஸில் விரிசல் இல்லை. அவள் தொடையைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் வைத்துப் பூசினாற்போல இறுகியிருந்தது.

உள்ளங்காலில் ஒரு ஈர மூக்கு பட்டது.

பிறகு நாக்கு. விரல் இடுக்கெல்லாம் நக்கியது. ஒவ்வொரு இடுக்காக. நிதானமாக. சுத்தமாக. ஒரு கால் முடிந்து மறு கால். பிறகு ஒரு வாய் கட்டைவிரலைக் கவ்வி உறிஞ்சத் தொடங்கியது. இன்னொரு வாய். இன்னொன்று. இன்னொன்று. பிறந்த குட்டியின் பசி. பல் இல்லாத ஈறு.

வாசலில் குடை மடக்கும் சத்தம். வளையல் சத்தம். சிரிப்பு.

"காலை நல்லா கழுவிக்கினு வாங்கம்மா," என்று சிவராஜ் சொல்வது கேட்டது. "எங்க வீட்டம்மாவுக்குத் தரைல ஒரு பொட்டு இருக்கக் கூடாது."

கீழே ஈறுகளில் பல் முளைக்கத் தொடங்கியது. இரண்டு வருஷத்துப் பல், ஒரே மூச்சில்.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஜரி பால் கொடுக்கும் தாய்போலக் கண்ணை மூடிக்கொண்டது.

வாசல்படியில் நின்ற மணப்பெண் அரையிருட்டில் எட்டிப் பார்த்து, "அய்யோ, பொடவைய எவ்ளோ அழகா விரிச்சி வெச்சிருக்காங்க," என்றாள்.

வெள்ளைத் தரையில், துர்காதேவியைச் சுற்றியிருந்த டைல்ஸ் இடுக்குகளில், கீழிருந்து ஊறிய அரக்குச் சிவப்பு கோடு கோடாகக் கிளைத்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை தானாக நகர்ந்தது. துணியை வாளியில் முக்கிப் பிழிந்தது. துடைக்க ஆரம்பித்தது.