இடப்பக்கக் கண்ணாடி

மற்ற மூன்று கண்ணாடிகளும் ஸ்விட்சைத் தொட்டதும் சர்ரென்று ஏறின. முன்பக்கம் இடதுபுறக் கண்ணாடி மட்டும் மனசில்லாத மாதிரி முக்கி முனகி, பாதியில் நின்று, அப்புறம் ஏறியது. இறங்குவதில் ஒரு தகராறும் இல்லை. ஏறும்போதுதான். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டு வாசலில் மத்தியானத்திலிருந்து வரதன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு அதே லைனில் இருக்கும் சுனிதா வந்துவிடுவாள். அவள் அப்பா வால்டர் இறந்து இன்று முப்பதாம் நாள். கல்லறைக்கு இவன் காரில்தான் போகிறாள், அந்த இடது சீட்டில்தான் உட்காருவாள்.

கண்ணாடி எந்த நாளிலிருந்து மக்கர் பண்ணுகிறது என்று வரதனுக்குத் தெரியாதா என்ன!

ஆடிக்காற்று, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுப் புழுதியை வாரி ஊருக்கே வெள்ளையடித்த காலை அது. பெங்களூர் ஆபீசுக்குக் கிளம்பியவன், மேட்டோரம் காரை நிறுத்தி போன் பேசிக்கொண்டிருந்தான். வால்டர் தள்ளாடிக்கொண்டு வந்தார். முப்பது வருஷம் சுரங்கத்தில் கல்தூசி தின்ற நெஞ்சு, பேச மூச்சில்லை. பாதி இறங்கியிருந்த இடப்பக்கக் கண்ணாடியில் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினார். சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் கூண்டில் ஆள் ஏறப்போகிறது என்றால் மூன்று முறை மணி அடிப்பார்கள். அதே மூன்று திரும்பி வந்தால் ஏறலாம். லைன் வீட்டுக் குழந்தைக்குக்கூட அது தெரியும். ஆஸ்பத்திரி என்றால் அரை நாள் போச்சே என்று வரதன் கண்ணாடியை ஏற்றினான். விளிம்பைப் பிடித்திருந்த விரல்களை அவர் ஒவ்வொன்றாக விட்டார். ரோட்டோரத்திலேயே உயிர் போய்விட்டதாம். "அந்த வழியாத்தானே போனீங்க, அப்பாவப் பாத்தீங்களாண்ணா?" என்று சுனிதா கேட்டபோது, "இல்லம்மா" என்றான், பாவி.

ஸ்கேலில் துணி சுற்றி, கண்ணாடி ஓடும் ரப்பர் இடுக்கைத் துடைத்தான். வெள்ளைப் புழுதி வந்தது. மறுபடி துடைத்தான், மறுபடி வந்தது. ஸ்ப்ரே அடித்தும் பலனில்லை. கடைசியில் கதவின் உள்அட்டையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தான். மோட்டாரில் குறையில்லை, கம்பி அறுபடவில்லை. ஆனால் கதவுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஈரக்கல்லும் வெடிமருந்தும் வேர்வையும் கலந்த வாடை, சுரங்க ஷிப்ட் முடிந்து வரும் தன் அப்பாவின் சட்டையில் இருந்த அதே வாடை.

வெளியே காற்று கூடியது. தகரக் கூரைகள் கடகடத்தன. எதிர்வீடு புழுதியில் மறைந்தே போனது. அப்போது கதவுத் தகரத்துக்குள்ளிருந்து, ரொம்பப் பொறுமையாக, டொக். டொக். டொக்.

வரதனின் புத்தி இங்கே இல்லை. சுனிதாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்பதிலேயே கிடந்தது. கக்கூஸ் கதவிலிருந்து கேரம் போர்டு வரை, யார் மூன்று தட்டினாலும் திருப்பித் தட்டியே வளர்ந்த கை அவனுடையது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினான். டொக், டொக், டொக்.

அப்புறம்தான் உறைத்தது. ஐயோ! ஏறச் சொல்லிவிட்டான்.

பின்வாங்கினான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கார் இடப்பக்கம் தாழ்ந்தது. கொஞ்சம்தான். ஒல்லியான ஆளின் கனம். கண்ணாடி ஏறியது. சத்தமில்லாமல். முழுசாக.

"இன்னாண்ணா, ரெடியா?" முக்காடும் கையில் பூவுமாக சுனிதா புழுதிக்குள்ளிருந்து வந்தாள். இடது கதவருகே குனிந்தவள் விலகிக்கொண்டாள். "முன்னாடி யாரோ பெரியவரு உக்காந்துனு கீறாரே. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

வேண்டாம் என்று கத்தப் பார்த்தான். சொல்லிடு. இப்பவாவது சொல்லித் தொலை. அதற்குள் அவள் ஏறிப் பின்கதவைச் சாத்தினாள். அவளை அங்கே தனியாக விட மனசு வரவில்லை. ஸ்டீயரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தான்.

"யாருண்ணா இவரு?" சுனிதா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எங்கப்பா மாரியே மூச்சு வாங்குது, பாவம்."

வரதன் இடப்பக்கம் திரும்பினான்.

சீட் காலி. பெல்ட் மட்டும் இழுத்து மாட்டியிருந்தது. சீட்டைத் தொடாமல், மெலிந்த ஒரு நெஞ்சின் அளவுக்கு அந்தரத்தில் வளைந்து, அது எழும்பியது. தாழ்ந்தது. நின்றது. மறுபடி எழும்பியது.