மாங்காய்க் கத்திக்கு எந்தப் பூச்சு?

மாங்காய்க்குப் பல் இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அங்கம்மாளின் மடக்குக் கத்தியைப் பார்த்திருந்தால் நம்பியிருப்பீர்கள். புளிப்பும் உப்பும் சேர்ந்து இரும்பைக் கடித்துக் கடித்து, அலகு முழுக்கச் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி விழுந்து கிடந்தது.

அங்கம்மாள் தினமும் ஓரிக்கை கிராமத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு நடந்து வருவாள். தலையில் மாங்காய்க் கூடை. மடியில் மடக்கிச் செருகிய கத்தி. பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து மாங்காயைக் கீற்றுப் போட்டு விற்பாள். அதே பள்ளிக்கூடத்தில்தான் அவள் மகள் ரேணுகாம்பாள் ஐந்தாம் வகுப்பு படித்தாள்.

"துரு மாங்கா! துரு மாங்கா!" என்று பையன்கள் கத்துவார்கள். கத்தி முடித்ததும் அவர்களே வாங்கியும் தின்பார்கள். அதனால் ரேணு கோபத்தை அடக்கிக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுத் தறிக்காரர் வேலாயுதம் விடுவிடுவென்று வந்தார். வந்த வேகத்தில் கூடையை ஒரு உதை விட்டார். மாங்காய்கள் சாக்கடை வரைக்கும் உருண்டு ஓடின.

"ஐயா! நான் இன்னாயா தப்பு பண்ணேன்?" என்று பதறினாள் அங்கம்மாள்.

"இன்னா தப்பா? உன் மாங்காவத் தின்னுட்டு எம் பொண்ணு மங்கை தறியில கைய வச்சிட்டா. சந்தனக் கலர் பட்டு! கல்யாணச் சேலை! அதுல கறுப்பா வெரல் தடம். தொடச்சாலும் போவல, கழுவினாலும் போவல. எல்லாம் உன் கத்தித் துரு!"

"பச்சக் கொழந்த, கைய கழுவாம..."

"பேசாத! துருப்பிடிக்காத கத்தி இருந்தா திங்கக்கிழம வா. இல்லன்னா வராத. மீறி வந்தா தெருவையே கூட்டிக்கினு வந்து கெளப்பிடுவேன்."

ரேணு சாக்கடை ஓரத்தில் குனிந்து மாங்காய்களைப் பொறுக்கினாள். கூடவே இன்னொரு சின்னக் கையும் பொறுக்கியது. அது மங்கையர்க்கரசியின் கை. விரல்கள் வீங்கியிருந்தன.

"அடிச்சாரா?" என்று ரேணு கேட்டாள்.

"தறியோட பாவுக் கோலால" என்றாள் மங்கை. உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டதும் ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது ரேணு சொன்னாள்: "வேற எடத்துல உக்காரலாம்மா."

"எங்கடி உக்கார்றது? கோயில் வாசல்ல பூக்காரிங்க விடமாட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல போலீஸ் விடாது. இந்த எடம் போச்சுன்னா செங்கச் சூளைதான். நான் மட்டும் கல்லு சொமந்தா பத்தாது, நீயும் வரணும்."

"பள்ளிக்கூடம்?"

அங்கம்மாள் நடையை எட்டிப் போட்டாள். வழியில் ஒரு கடையில் எவர்சில்வர் கத்தி தொங்கியது. தொங்கட்டும். அதை வாங்க அவர்களால் முடியாது.

இரவு குழம்பு ஊற்றும்போது ரேணு பித்தளைக் குண்டானையே உற்றுப் பார்த்தாள். புளிக்குழம்பு வைத்தாலும் அதில் களிம்பு ஏறுவதில்லை. ஏனென்றால் உள்ளே ஈயம் பூசியிருக்கிறது. அப்படியென்றால் கத்திக்கும் பூசினால் என்ன?

மறுநாள் காலையில் ஈயம் பூசுகிற தேவசகாயம் தெருவுக்குள் வந்தார். ரேணு கத்தியோடு போய் நின்றாள்.

"அண்டாவுக்குப் பூசியிருக்கேன், குண்டானுக்குப் பூசியிருக்கேன். கத்திக்குக் கேட்டவ நீதாம்மா மொதல் ஆளு! குடு, பாப்போம்" என்றார் அவர்.

கத்தியைத் தணலில் வைத்து நன்றாகக் காய்ச்சினார். நவச்சாரம் தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பியது. ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் தேய்த்தார். கத்தி கண்ணாடி மாதிரி மின்னியது.

"அம்மா! இதுல என் மூஞ்சி தெரியுது!" என்று துள்ளினாள் ரேணு.

முகம் தெரிந்தது. மாங்காய்தான் அறுபடவில்லை. அங்கம்மாள் அழுத்திப் பார்த்தாள். காய் நசுங்கியது. கத்தி வளைந்தது. இன்னும் அழுத்தினாள். கத்தி வழுக்கி அவள் கட்டைவிரலைக் கிழித்தது.

அங்கம்மாள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டாள். திட்டவில்லை. "இருந்த கத்தியும் போச்சு" என்றாள், அவ்வளவுதான். ஓர் அறை விட்டிருந்தால்கூட ரேணுவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரேணு கொல்லர் அப்பாதுரையின் பட்டறை வாசலில் நின்றாள்.

அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவன் இத வேக வச்சது? சூட்டுல இரும்போட பதம் போயி மெதுவாயிடுச்சு. திரும்பப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கணும். இன்னிக்கு ஆவாது, துருத்தி இழுக்க ஆள் இல்ல."

"நான் இழுக்கிறேன் மாமா."

"நீயா? துருத்திக் காத்துல நீயே பறந்துடுவ போலருக்குது!"

ரேணு பறக்கவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் வரும்வரை இழுத்தாள். அப்பாதுரை பிடியைக் கழற்றி, ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அலகைப் பழுக்கக் காய்ச்சினார். எண்ணெயில் முக்கினார். சுர்ரென்று ஒரு சத்தம். மறுபடியும் இளஞ்சூடு காட்டி எண்ணெய் தேய்த்தார். அலகு கன்னங்கரேலென்று ஆகிவிட்டது.

"மேல்பூச்சு எப்படி வேணும், சொல்லு. சாணையில போட்டு வெள்ளையா மினுக்கட்டுமா? தெரிஞ்ச பட்டறையில நிக்கல் முலாம் போட்டு வாங்கித் தரட்டுமா? இல்ல, இந்த எண்ணெக் கறுப்பே போதுமா?"

நிக்கல்! சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி பளபளக்கும். ஒரு பயல் 'துரு' என்று வாயைத் திறக்க முடியாது. ரேணு "நிக்..." என்று ஆரம்பித்தாள். சட்டென்று அம்மாவின் விரல் ஞாபகம் வந்தது. பளபளப்பை நம்பி ஒரு முறை ஏமாந்தாயிற்று.

"மாமா, முலாம் போட்ட கத்திய தீட்டினா இன்னா ஆவும்?"

"தீட்டுற எடத்துல உரியும். அது வழியா துரு உள்ள பூந்துக்கினு, செதில் செதிலா எழும்பும்."

செதில் மாங்காயில் விழும். மாங்காய் யார் வாயிலாவது விழும். வேண்டாம்.

ரேணு வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அம்மா சாம்பல் போட்டு வெள்ளையாகத் தேய்க்கும் அரிவாள்மணை, விடிந்தால் துருவோடு நிற்கும். தோசைக்கல்லோ எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போனது. அதில் துரு பிடித்து அவள் பார்த்ததே இல்லை.

"கறுப்பாவே விட்டுடுங்க."

"பாக்க நல்லா இருக்காதே?"

"மாங்கா நல்லா இருந்தா போதும். தீட்டின ஓரத்த நான் காய்க்குக் காய் தொடச்சி எண்ணெ தடவிடுவேன்."

அப்பாதுரை ஓரத்தை மட்டும் தீட்டிக் கொடுத்தார். தலைமுடியை வைத்தால் அறுந்தது.

திங்கட்கிழமை பையன்கள் கத்தியைப் பார்த்துவிட்டு ஓவென்று கூவினார்கள். "டேய், துரு போயி கரி வந்துச்சுடா!" இந்தத் தடவை ஒருவனும் வாங்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வேலாயுதம் படி இறங்கி வந்தார். அங்கம்மாளின் கை தானாகவே கூடையை இழுத்து அணைத்துக்கொண்டது.

அவர் பின்னால் பள்ளிக்கூடப் பையோடு வந்த மங்கையிடம் ரேணு ஓடினாள். "உங்கிட்ட கழிவுப் பட்டு நூல் இருக்குதா? அந்தச் சந்தனக் கலரு?"

மங்கை தன் அப்பாவைப் பார்த்தாள். தன் விரல்களையும் பார்த்தாள். பிறகு பையில் கையை விட்டு, பொம்மைக்குச் சேர்த்து வைத்திருந்த நூல் சுருளை எடுத்துக் கொடுத்தாள்.

ரேணு ஒரு மாங்காயை அறுத்தாள். கீற்றில் உப்பைத் தடவினாள். நூலை அதன் மேல் சுற்றி, சாறு இறங்க அழுத்திப் பிடித்தாள். கொப்புளம் உடைந்த கையில் உப்பு எரிந்தது. விடவில்லை. நன்றாக ஊறியதும் நூலைப் பிரித்து நீட்டினாள்.

"பாருங்க ஐயா. உங்க வீட்டுப் பட்டுதான்."

வேலாயுதம் வாங்கினார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இழை இழையாகத் திருப்பினார். பட்டு நனைந்திருந்தது, அவ்வளவுதான். கறை இல்லை.

உதைத்த கூடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாக்கடையில் போன மாங்காயைப் பற்றியும் பேசவில்லை. மகளின் விரல்கள் பக்கம் திரும்பவே இல்லை. நூலைக் கீழே போட்டார்.

"சரி, உக்காந்துக்கோ" என்றார்.

"உக்காந்துக்கினுதான் இருக்கேன்" என்றாள் அங்கம்மாள்.

பையன்கள் கையை நீட்டிக்கொண்டு முண்டியடித்தார்கள். ரேணு கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி அம்மாவிடம் கொடுத்தாள்.

"மொதல் கீத்து மங்கைக்கும்மா. பெருசா போடு."

மங்கை வாங்கிக்கொண்டாள். அப்பாவின் முதுகு வீட்டுக்குள் மறையும்வரை கீற்றைப் பாவாடை மடிப்பில் வைத்திருந்தாள். பிறகு ஒரே கடி.

"யப்பா, புளிப்பு!" என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கையையும் நீட்டினாள்.