நாத்தனார் மணை

பார்லர் அக்கா மேக்கப் பெட்டியோடு மாடியேறியபோது காலை வெயிலும் கூடவே வந்தது. கடைசிப் படியோடு நின்றுகொண்டது.

மணப்பெண்ணுக்கு ஒதுக்கிய அறையில் சிக்குப் பிடித்த தலையெண்ணெய் வாடை. ஜன்னலைத் திறந்துவிட்டும் போகவில்லை.

"என் பொண்ணு ரூம் இது," என்றபடி மாப்பிள்ளையின் அம்மா பூக்கூடையை வைத்தாள். "காய்ச்சல்ல போயிட்டா. அண்ணன்னா அவளுக்கு உசுரு. எந்தப் பொண்ணைப் பார்த்துட்டு வந்தாலும் ஏதாவது சொல்லிக் கலைச்சு விட்டுடுவா."

அவள் தலை மறைந்ததும் மணப்பெண் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்கம்மா ஒத்துக்கிட்டதே அதனாலதான்க்கா. நாத்தனார் தொல்லை இல்லாத வீடாம். நல்லதாப் போச்சு."

வாய் நிறைய ஹேர்பின்களைக் கவ்வியிருந்ததால் பார்லர் அக்காவால் 'உஷ்' என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

பின்னால் பீரோக் கதவு மெல்லத் திறந்தது.

பழைய வீடு, பழைய பீரோ. காலால் தள்ளிச் சாத்திவிட்டு ஜடையைத் தைக்க ஆரம்பித்தாள்.

கீழே, கூடத்தில், மணப்பெண்ணுக்குப் பின்னால் இன்னொரு மணை போட்டிருந்தார்கள். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் அவன் தங்கை போடுவது. மாப்பிள்ளையின் சித்தி மகள் பட்டுப்புடவை சரசரக்க அதில் உட்காரப் போனாள்.

"எழுந்திரிடி," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "அது என் பொண்ணு இடம். காலியா இருக்கட்டும்."

"அப்ப மத்த முடிச்சு யாரு பெரியம்மா போடுறது?"

"மூணையும் அவனே போடட்டும்."

காலி மணைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஜடையைத் தூக்கிப் பிடிக்கும் வேலை பார்லர் அக்காவுக்கு வந்தது.

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை குனிந்து முதல் முடிச்சைப் போட்டு, நிமிர்ந்து மூச்சு விட்டான்.

அந்த எண்ணெய் வாடை குப்பென்று வந்தது.

மஞ்சள் சரடின் இரண்டு நுனிகளும் தாமாக எழுந்தன. ஒன்றை ஒன்று சுற்றின. பெண்கள் பின்னல் போடுகிற அதே லாகவம். இரண்டாவது முடிச்சு விழுந்தது.

பார்லர் அக்கா மாப்பிள்ளையின் கைகளைத் தேடிப் பார்த்தாள்; சரடின் பக்கத்திலேயே இல்லை.

மூன்றாவது முடிச்சுக்காக நுனிகள் இழுபட்டன. இறுகின. இன்னும் இறுகின.

மணப்பெண்ணின் கழுத்தில் சரடு புதைந்தது. அவள் கை மாலையைப் பிய்த்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வந்ததா, தெரியாது. அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளத்தை அந்த அடி அடிக்கிறார்கள்? எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பார்லர் அக்கா இடுப்பிலிருந்த கத்தரிக்கோலை உருவினாள்.

"தாலியில கத்தரி வைக்கிறியா, பாவி?" மாப்பிள்ளையின் அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கழுத்தைப் பாருங்கம்மா. செத்துருவா."

கையை உதறினாள். வெட்டினாள்.

மேளம் நின்றது. மணப்பெண் இருமி இருமி மூச்சை வாங்கினாள். காதோரம் யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம் பார்லர் அக்காவுக்கு மட்டும் கேட்டது.

அந்தக் காலி மணையைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தார்கள். புதுச் சரடு வந்தது. மாப்பிள்ளை அவசர அவசரமாக ஒரு முடிச்சு மட்டும் போட்டான். "போதும், விடுங்க," என்று எழுந்துவிட்டான்.

சாப்பாடு முடிந்து, நகைகளைக் கழற்ற பார்லர் அக்காவும் மணப்பெண்ணும் மறுபடி மாடிக்கு வந்தார்கள். தனியாக இருக்க மாட்டேன் என்று மணப்பெண் அவள் கையைப் பிடித்தே இழுத்து வந்திருந்தாள்.

"அக்கா, கழுத்துல என்னமோ இறுக்கமா இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

பார்லர் அக்கா ஜடையைத் தூக்கினாள்.

மாப்பிள்ளை போட்டது ஒரு முடிச்சு.

இப்போது இரண்டு இருந்தன.

"என்னக்கா? ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. அசையாம இரு."

கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பெட்டிக்குள் விட்டுத் துழாவினாள். சீப்பு. ஹேர்பின். பஞ்சு. சரடை வெட்டிய பிறகு கத்தரிக்கோலை இதில்தான் வைத்திருந்தாள்.

இல்லை.

முதுகுக்குப் பின்னால், சாத்திய பீரோவுக்குள், கத்தரிக்கோல் நிதானமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

கிரிச்... கிரிச்...