கண்ணாடி அறையின் கைப்பிடிகள்

வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கியபோது சாவிக்கு அந்த வீட்டைப் பார்த்ததும் பிடித்துத்தான் போனது.

சாவி என்பது அவர் பெயரில்லை. கதவு, ஜன்னல்களின் பூட்டும் கைப்பிடியும் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு என்பதால் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர். நாளாக ஆக, கோபம் வந்தால் மனைவியே "ஏய் சாவி" என்று கூப்பிடும் அளவுக்கு அது அவரோடு ஒட்டிக்கொண்டது. குண்டான உடம்பு, சிரித்த முகம், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கால் மணி நேரத்தில் அந்த வீட்டு மனுஷன்போல ஆகிவிடுகிற வாய்.

வெயில் மண்டையைப் பிளக்கிற மதிய நேரம். கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவள் காலைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டிப் பெண் எட்டிப் பார்த்தது.

"வாங்கண்ணா. நீங்க வரமாட்டீங்கன்னே நெனச்சேன். ரெண்டு பேரு வரேன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டாங்க."

"அவங்க மெலிஞ்சவங்களா இருப்பாங்கம்மா, காத்து அடிச்சிட்டுப் போயிருக்கும். நான் அசைய மாட்டேன்."

அவள் சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை.

அவர்கள் குடிவந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. கணவனுக்குக் கப்பலில் வேலை. வருவதற்கு இன்னும் நாளாகும். வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. மாடியில் முன்பக்கம் இருந்த கண்ணாடி அறைதான் தொல்லை. மூன்று பக்கமும், சத்தம் புகாமலிருக்க நடுவில் இடைவெளி விட்டு அடைத்த ரெட்டைக் கண்ணாடி ஜன்னல்; உள்ளே போக ரெட்டைக் கண்ணாடிக் கதவு. அங்கே மட்டும் ஒரு கைப்பிடிகூட நிலைக்கவில்லை.

"புதுசு மாட்டினாலும் உடையுதுண்ணா. யாரும் தொடுறதே இல்ல. வீட்டைக் காட்டினவர், அந்த ரூமை விட்டுட்டு மத்த ரூமைப் பொழங்குங்கன்னு சொன்னாரு. ஆனா இவ..." குழந்தையின் தலையைத் தடவினாள். "இவ எந்நேரமும் அந்தக் கதவுகிட்டயே போய் உக்காந்துக்கறா. பூட்டினாத்தான் எனக்கு நிம்மதி."

"அங்க என்னடா செல்லம் பண்ற?" என்று சாவி குனிந்து கேட்டார்.

குழந்தை விரலை வாயிலிருந்து எடுத்தது. "பேசுறாங்க. ஆனா கேக்கல."

அம்மாக்காரி பேச்சை மாற்றி, மாடிப்படியைக் காட்டினாள்.

மாடியில் நடைவழி இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. கண்ணாடிக் கதவின் கைப்பிடி, பிடரியில் அடிபட்ட கோழித்தலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சாவி பையைச் சுவரோரம் வைத்து, போனை அதற்குள் போட்டுவிட்டுக் கதவை இழுத்துத் திறந்தார்.

சூடு முகத்தில் அறைந்தது.

கூடவே ஒரு வாடை. பல நாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அது. அதற்கு அடியில் தலையெண்ணெய் வாடை. தூங்கி எழுந்தவர் பக்கத்தில் வந்து பேசினால் வருகிற மூச்சின் வாடை. அறையில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

'வெயில் பட்ட ரப்பர்தான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜன்னல் கைப்பிடி ஒன்றைத் தொட்டார். அது காற்றாடிபோல வெறுமனே சுற்றியது. திருகாணிகளைக் கழற்றி இழுத்தபோது, கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் சதுரக் கம்பியும் கூடவே வந்தது. அதைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

அந்தக் கம்பி முறுக்கியிருந்தது. பிழிந்த துணி மாதிரி.

இரும்புக் கம்பி அது. அப்படி முறுக்க வேண்டுமானால் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்க வேண்டும், பூட்டு விடாதபோதும் நிறுத்தாமல், பித்துப் பிடித்தவர்போல. அடுத்த ஜன்னலையும் கழற்றினார். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். எல்லாம் ஒரே பக்கமாக முறுக்கியிருந்தன.

திறக்கிற பக்கமாக.

கதவின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் கீழ்மூலையில் பிய்ந்து துகள் துகளாக இருந்தது. நகத்தால் பிய்த்த மாதிரி. நின்றுகொண்டு பிய்க்கிற உயரமில்லை அது. தரையில் படுத்துக் கிடப்பவருக்குத்தான் எட்டும்.

சாவி எழுந்து பேண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். தேவையில்லாமல் ஒரு பாட்டை முணுமுணுத்தார். எவ்வளவோ வீடு பார்த்தாகிவிட்டது. பூனை, நாய், பிள்ளைகள் செய்கிற அழிச்சாட்டியம் கொஞ்சமா? முதலில் கதவை முடித்துவிடுவோம், அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அதுதானே. கதவின் விளிம்புக்குள் இருந்த பூட்டுப் பெட்டியை மாற்றி, புதுக் கைப்பிடியை முடுக்கினார். இந்த மாதிரிக் கதவில் கைப்பிடியை மேலே தூக்கினால் கொக்கிகள் சட்டத்துக்குள் பாய்ந்து பூட்டும். கீழே அழுத்தினால் விடும். தூக்கினார், அழுத்தினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வேலை செய்தது.

ஜன்னல்களின் அளவை ஒருமுறை சரிபார்ப்போம் என்று, திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

முதுகுக்குப் பின்னால் கதவு மெல்ல வந்து சாத்திக்கொண்டது.

திரும்பினார். நடைவழியில் யாரும் இல்லை. அவர் கண் முன்னாலேயே, இப்போதுதான் மாட்டிய அந்தப் புதுக் கைப்பிடி நிதானமாக மேலே எழும்பியது.

கொக்கிகள் பாய்கிற சத்தம் கேட்டது.

அதோடு வெளிச் சத்தம் அறுந்தது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள், எங்கோ குரைத்த நாய், கீழே தண்ணீர் விழுகிற ஓசை, எல்லாவற்றையும் யாரோ கையால் பொத்திவிட்டமாதிரி நின்றுபோயின. தன் மூச்சு மட்டும் காதுக்குள் இரைந்தது.

"அம்மா! ஏம்மா!"

கைப்பிடியை அழுத்தினார். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினார். அந்தக் குண்டு உடம்பின் மொத்த கனத்தையும் போட்டார். அசையவில்லை. பை நடைவழியில். போன் பைக்குள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெயில் மூன்று பக்கமும் நின்று அவரை வேகவைத்தது.

ஜன்னலுக்கு ஓடினார். கீழே தோட்டத்தில் அந்தப் பெண் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை வாளியோடு விளையாடியது. உயிர் வந்தது அவருக்கு. இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியில் ஓங்கி ஓங்கித் தட்டினார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

பார்த்து, சிரித்து, கை அசைத்தாள்.

"கதவு! கதவு மாட்டிக்கிச்சும்மா! மேல வா!"

அவள் காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினாள். பிறகு, கட்டைவிரலை வாயருகே சாய்த்து, டீ வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். அவர் மறுபடி தட்டினார், கத்தினார், தொண்டை கிழிந்தது. அவள் புரிந்துவிட்டதுபோலத் தலையாட்டி, இன்னொரு முறை கை அசைத்துவிட்டுத் துணி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழந்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தது.

அது அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் பார்த்தது.

சாவி கழுத்தைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் நகர்த்தினார். பக்கத்துக் கண்ணாடியில், அவர் தோள் உயரத்தில், வெள்ளையாக ஒரு மூச்சுப் படலம் விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது. விரலால் அதைத் துடைத்தார், போகவில்லை. படலம் இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில், ஈ எறும்பு நுழைய முடியாமல் அடைத்து முத்திரையிட்ட இடைவெளிக்குள் இருந்தது.

மூலை ஜன்னலில் அவர் இன்னும் கழற்றாத கைப்பிடி ஒன்று சுற்றியது.

நின்றது.

அதற்கு அடுத்த ஜன்னலின் கைப்பிடி சுற்றியது.

பிறகு அதற்கு அடுத்தது.

அறையைச் சுற்றி அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

சாவி கதவிடம் போய் விழுந்தார். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை உருவினார். வியர்வையில் வழுக்கிய கையோடு மேல் திருகாணி, கீழ்த் திருகாணி. கைப்பிடியைப் பிடுங்கி எறிந்தார். வெளிப்பக்கத்துக் கைப்பிடி கம்பியோடு நடைவழியில் விழுவது தெரிந்தது, கேட்கவில்லை. சதுர ஓட்டைக்குள் திருப்புளியை மூலைவாட்டமாகச் செருகித் திருகினார். மயிரிழை நகர்ந்து வழுக்கியது. மறுபடி செருகினார். மறுபடி வழுக்கியது.

தலையெண்ணெய் வாடை நெருங்கிவிட்டது. பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

"யாரு?" என்றார். குரல் வெளியே வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

அவர் கைமேல் ஒரு கை வந்து அமர்ந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரல்கள் ஒவ்வொன்றாகப் படிவது தெரிந்தது. காய்ச்சலில் கிடப்பவர் கைபோலக் கொதித்தது. நகம் இருக்க வேண்டிய இடத்தில் நகம் இல்லை. அந்த விரல்கள் அவர் விரல்களோடு சேர்த்துத் திருப்புளியை இறுக்கிப் பிடித்து, திருகின.

திறக்கிற பக்கமாக.

கொக்கிகள் படீரென்று விட்டன. கதவோடு சேர்ந்து சாவி நடைவழியில் குப்புற விழுந்தார். குளிர்ந்த தரை கன்னத்தில் பட்டது. தெருவின் இரைச்சல் திரும்பி வந்தது. எழ முயன்றவரின் முதுகைத் தாண்டி, துணி உரசுகிற ஓசையோடு அந்த வெப்பம் போனது. படி இறங்குகிற பக்கமாக.

பையை வாரிக்கொண்டு அவர் கீழே வந்தபோது அந்தப் பெண் தட்டோடு எதிரே நின்றாள். தட்டில் இரண்டு டம்ளர் டீ.

"எங்கண்ணா அவங்க? உங்ககூட வந்த அக்கா? மேல ரெண்டு பேரும் நின்னு கை ஆட்டினீங்களே?"

சாவி அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "பாப்பாவைத் தூக்கிக்கோ தாயி" என்று மட்டும் சொன்னார். "கேள்வி கேக்காத. உனக்கு ஆளுங்க யாராவது இருக்காங்களா இங்க?"

அவர் முகத்தைப் பார்த்த பிறகு அவள் கேட்கவும் இல்லை. பக்கத்துப் பேட்டையில் சித்தி வீடு இருந்தது. செருப்புகூட மாட்டாமல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வேலி ஓரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் அவர்களையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த ரூம்ல வேலையா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தானே மெல்லச் சொன்னார்: "முன்னாடி ஒரு புருஷன் பொண்டாட்டி இருந்தாங்க. அவன் அவளை உள்ள வெச்சுப் பூட்டிட்டு வெளியூர் போயிட்டான். அவ ஜன்னல்ல நின்னு கை ஆட்டுவா. தெருவே கை ஆட்டும் பதிலுக்கு. நல்ல கலகலப்பான பொண்ணுன்னு பேசிக்குவோம்." குழாயிலிருந்து தண்ணீர் அவர் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை. "கொஞ்ச நாள் கழிச்சு அவ தெரியல. அப்பக்கூட யாருக்கும் தோணல சார்."

சாவி அவர்களை வண்டியில் ஏற்றிச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். இனி அந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்றாள். குழந்தை வாசல்வரை போய், திரும்பி வண்டியை ஒரு தரம் பார்த்தது. பிறகு ஓடிப்போய்ச் சித்தியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

சாவி தனியாக வண்டியைக் கிளப்பினார். மாலை வெயில் தாழ்ந்திருந்தது. பாவம், என்று நினைத்துக்கொண்டார். வெளியே வரத்தானே தவித்தாள்? வந்துவிட்டாள். போகிற இடம் போய்ச் சேரட்டும்.

மனைவியின் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது. வண்டியை ஓரங்கட்டி, போனை எடுத்துக் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க, வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுடி. கிளம்பிட்டேன்."

"ஹலோ?"

"நான்தான் பேசுறேன். கேக்குதா?"

பிறகு மனைவியின் குரல், தெரியாதவர்களிடம் பேசும்போது வருகிற அந்த மரியாதைக் குரலாக மாறியது.

"யாரும்மா பேசுறது?"

"ஏய், நான்டி! காது கேக்கலையா? நான்!"

"அப்படியா... ஓ, அவர்கூடத்தான் வந்துட்டிருக்கீங்களா?"

சாவி கத்தினார். ஸ்டியரிங்கை அறைந்து கத்தினார். வண்டியைக் கடந்து போன ஆட்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: தெருவில் ஒரு சத்தமும் இல்லை. லாரி போகிறது, ஓசையில்லை. எதிர்க் கடைக்காரன் வாய் திறந்து கூவுகிறான், ஓசையில்லை. காதுக்கு எட்டியது போனில் மனைவியின் குரல் ஒன்றுதான்.

"ஐயோ பாவம், இவ்வளவு நேரம் வெயில்லயா இருந்தீங்க? அதுக்கென்னம்மா, நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கோங்க. கதவைத் திறந்து வைக்கிறேன். ரெண்டு பேரும் சேந்தே வாங்க."